வெளியூர்ப் பயணமும் ஊர் அடையாளம் போட்ட சட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் பிரிண்டிங் செய்கிறோம். கல்லூரி டூர், குலதெய்வக் கோயில் கூட்டம், கிரிக்கெட் ரசிகர் குழு, வெளிநாட்டில் நடக்கும் உறவுக்காரக் கல்யாணம் என்று கூட்டமாகப் புறப்படுகிறவர்கள் ஒரே மாதிரிச் சட்டை அடிக்க வருவார்கள். டிசைன் முடிவானதும் பெரும்பாலும் ஒரே சந்தேகத்தில்தான் வந்து நிற்பார்கள்: "இதைப் போட்டுக்கிட்டு அங்க போனா யாராவது ஏதாவது சொல்வாங்களா?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே எடுத்து, எங்களுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறோம். வேட்டி, தொப்பி, சால்வை பற்றியும் கேட்கிறார்கள், அதனால் அவையும் உண்டு.

தமிழ் எழுத்து போட்ட டி-ஷர்ட்டோட வடநாட்டுக்குப் போனா பிரச்சினை வருமா?

சாதாரண நாளில் வராது. ஜெய்ப்பூரிலோ மணாலியிலோ உங்கள் சட்டையை யாரும் படிக்கப் போவதில்லை. "இது மலையாளமா, தெலுங்கா?" என்று ஒருவர் கேட்பார். அங்கே வேலை பார்க்கிற தமிழர் யாராவது ஓடி வந்து "எந்த ஊருங்க?" என்பார். தமிழ் எழுத்துச் சட்டையால் கிடைக்கிற பெரிய லாபம் அதுதான். தாஜ்மகால் வரிசையில் தொலைந்துபோன மாமாவைக் கண்டுபிடிக்கவும் உதவும்.

சிங்கப்பூரில் இன்னும் சுலபம். அங்கே தமிழ் நான்கு அலுவல் மொழிகளில் ஒன்று, அறிவிப்புப் பலகைகளிலேயே இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்போ "இந்தி தெரியாது போடா" டி-ஷர்ட்டும் போடலாமா?

அந்த வாசகத்துக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் கனிமொழி எம்.பி., தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்டபோது, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டதாகச் சொன்னார். அடுத்த மாதம் யுவன் சங்கர் ராஜா, சிரிஷ் போன்றவர்கள் அந்தச் சட்டைகளைப் போட்டுப் படம் வெளியிட, இங்கே ஊரெல்லாம் ஆர்டர் பறந்தது.

எந்த எழுத்தில் அடிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தமிழில் மட்டும் இருந்தால் தமிழர்கள் சிரிப்பார்கள், மற்றவர்களுக்கு அது ஏதோ எழுத்து. ஆங்கிலத்திலோ இந்தியிலோ பெரிதாக அடித்தால், ஓட்டல் ரிசப்ஷன்காரர், டாக்சி டிரைவர், பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லோரும் படிப்பார்கள். உங்களுக்கு அந்த நேரத்தில் அவர்களுடைய உதவிதான் வேண்டியிருக்கும். போராட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் போடுங்கள், அதற்காகப் பிறந்த சட்டைதான் அது. சுற்றுலா என்றால், அதே சமயத்தில் வந்த "நான் தமிழ் பேசும் இந்தியன்" சட்டையை நாங்கள் சிபாரிசு செய்வோம். சண்டை வராது, பேச்சு வரும்.

படிக்கவே தெரியாதவங்களுக்கு என்ன புரியப்போகுது? எதுக்கு யோசிக்கணும்?

விமான நிலையத்தில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 2006 ஆகஸ்டில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில், ஈராக்கில் பிறந்த ஒருவர் அரபியிலும் ஆங்கிலத்திலும் "நாங்கள் மௌனமாக இருக்க மாட்டோம்" என்று எழுதிய சட்டையோடு வந்தார். மற்ற பயணிகளுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லி, அதன் மேல் வேறு சட்டை போட வைத்த பிறகே ஏற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2009இல் 2,40,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். நியாயம் கிடைத்தது என்றாலும் அதற்கு இரண்டரை வருடம் ஆனது.

படிக்கத் தெரியாத எழுத்து என்றால், பார்க்கிறவருக்கு அந்தச் சமயத்தில் எதைக் கண்டு பயமோ அதை அதில் படித்துக்கொள்வார். தமிழ் எழுத்துக்கு இன்று அப்படி ஒரு பயம் எங்கும் இல்லை. ஆனால் எழுத்தோடு துப்பாக்கி, கத்தி, முஷ்டி மடக்கிய கை எல்லாம் சேர்ந்தால் பார்வை மாறும்.

வேட்டி கட்டிட்டு டெல்லி, மும்பை போனா கேலி பண்ணுவாங்களா?

மும்பைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1966இல் தொடங்கிய சிவசேனா ஆரம்ப வருடங்களில் தென்னிந்தியர்களைக் குறிவைத்து "பஜாவோ புங்கி, ஹடாவோ லுங்கி" என்று கோஷம் போட்டது. ஊதலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு என்பது அதன் பொருள். மாதுங்கா, தாராவிப் பக்கம் இருந்த பெரியவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. இன்றைய மும்பையில் வேட்டிக்காக யாரும் வம்புக்கு வர மாட்டார்கள். டெல்லியில் அரசியல்வாதி என்று நினைத்து வழிவிட்டாலும் விடுவார்கள்.

வடக்கே வேட்டி என்றால் கச்சம் வைத்துக் கட்டுவது. நம் மாதிரி சுற்றிச் செருகினால் அதை லுங்கிக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். வெள்ளை வேட்டியை முழுக்க இறக்கிவிட்டு மேலே சட்டை போட்டிருந்தால் மரியாதைதான். மடித்துக் கட்டினால்தான் முகம் சுளிப்பு. காசியில் இந்தக் கவலையே வேண்டாம். நகரத்தார் சத்திரம் அங்கே 200 வருடங்களுக்கு மேலாக இருக்கிறது, கங்கைக் கரையில் வேட்டியைப் பார்த்தே "தமிழ்நாடு?" என்று கேட்டுவிடுவார்கள்.

வேட்டின்னா உள்ள விடமாட்டேன்னு சொல்ல முடியாதாமே, சட்டம் இருக்குதாமே?

இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் போட்டது. பொது இடங்களில் வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமமும் போகலாம்.

ஓசூரைத் தாண்டிவிட்டால் அந்தச் சட்டம் கிடையாது. 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில் பஞ்சை (கன்னடக்காரர்கள் கட்டும் வேட்டி) கட்டி வந்த விவசாயியை உள்ளே விடவில்லை. அவர் கன்னடக்காரர், கட்டியிருந்தது அவருடைய ஊர் உடை. கர்நாடகத்தில் எழுந்த கோபத்தில் அந்த மாலை ஏழு நாள் மூடி வைத்தார்கள். வேட்டிக்கு வருகிற தடை பல நேரம் ஊரைப் பார்த்து வருவதில்லை. வாசலில் நிற்கிற செக்யூரிட்டியிடம் "கிராமத்து ஆள் வேண்டாம்" என்று யாரோ சொல்லி வைத்திருப்பதால் வருகிறது.

கட்சிக் கரை வேட்டியோட குருவாயூர் போலாமா?

கோயிலுக்குள் தாராளமாகப் போகலாம். குருவாயூரில் ஆண்கள் மேலே சட்டை இல்லாமல் முண்டு கட்டிப் போக வேண்டும், கரை என்ன நிறம் என்று யாரும் கேட்பதில்லை. கேரளத்தில் எல்லா நிறக் கரையும் சகஜம். கறுப்பு சிவப்புக் கரை நமக்கு தி.மு.க., நடுவில் வெள்ளை வந்தால் அ.தி.மு.க.; அங்கே இரண்டும் வெறும் டிசைன்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ஒன்று, தமிழ்நாட்டுக்காரர்கள் இருக்கிற லாட்ஜ், ஓட்டல். உங்கள் கரையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். இரண்டாவது, ஓட்டுப்பதிவு நாள். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் பிரசாரம் செய்வதும் கட்சி அடையாளம் காட்டுவதும் நாடு முழுக்கத் தடை.

எங்க குரூப் கலர் சிவப்பு மஞ்சள். அதுல என்ன தப்பு?

தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஒரு ஜோடி நிறத்துக்கு இருக்கிற சொந்தக்காரர்கள் வேறு எதற்கும் இல்லை. பெங்களூருவில் அது கன்னடக் கொடி. ஆட்டோவின் முன்னால், சினிமா தியேட்டர் மேலே, நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்தில் தெருவெல்லாம் மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாகத்தான் இருக்கும். கொல்கத்தாவில் அது ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி. பச்சையும் அரக்குச் சிவப்புமான மோகன் பகான் ரசிகர் டீக்கடையில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், "இன்று இலிஷ் மீனா?" என்று கிண்டல் செய்வார். இலிஷ் ஈஸ்ட் பெங்காலுக்கு, இறால் மோகன் பகானுக்கு என்பது அந்த ஊர் வழக்கு. தமிழ்நாட்டுக்குள் 2024 ஆகஸ்டுக்குப் பிறகு சிவப்பு மஞ்சள் சிவப்பு என்றால் விஜய் கட்சி.

சேலத்தில் அடித்த சட்டையைப் போட்டு பெங்களூருவில் இறங்கினால், உங்களைக் கன்னட அமைப்புக்காரர் என்று நினைத்து ஒருவர் கன்னடத்தில் பேச ஆரம்பிக்கலாம். மோசமான விளைவு இல்லை. பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் கஷ்டம்.

சி.எஸ்.கே. ஜெர்சியில பெங்களூரு மேட்ச் பார்க்கப் போறோம். அடி விழுமா?

கிண்டல் நிச்சயம், அடி அபூர்வம். சின்னசாமி மைதானத்தில் மஞ்சள் ஜெர்சிகள் எப்போதும் நிறைய இருக்கும். தனியாகப் போகாமல் கூட்டமாகப் போங்கள், தோற்றாலும் ஜெயித்தாலும் மெட்ரோவில் வாயை மூடிக்கொண்டு வாருங்கள்.

மஞ்சள் ஜெர்சிக்கு உண்மையிலேயே அடி விழுந்தது சென்னையில். 2018 ஏப்ரல் 10, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். சேப்பாக்கத்தில் ஆட்டம் நடத்தக் கூடாது என்றவர்கள், ஜெர்சி போட்டு வந்த ரசிகர்களை அண்ணா சாலைப் பக்கத்தில் மறித்துத் தாக்கினார்கள். மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மீதிச் சென்னை ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். தன் ஊரில், தன் அணியின் சட்டைக்கு. ஆகவே எந்த ஊர் என்று கேட்கிறவர்களிடம் நாங்கள் எந்தத் தேதி என்றும் கேட்போம்.

காவிரிப் பிரச்சினை நடக்கும்போது கர்நாடகா போக வேண்டியிருந்தா?

தமிழ் எழுத்துச் சட்டையை வீட்டில் வையுங்கள். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. முகநூலில் எழுதியதற்காக ஒரு தமிழ் மாணவரை அடித்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். இந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ராமேசுவரத்தில் கர்நாடக டிரைவரை அடித்தார்கள், சென்னையில் கன்னடக்காரர் ஓட்டல் மீது பெட்ரோல் குண்டு விழுந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் கம்பம், குமுளிப் பக்கமும் இதே கதை.

இப்படிப்பட்ட கொதிப்பு சில நாட்களில் அடங்கிவிடும். அந்தச் சில நாட்களில் வண்டியின் நம்பர் பிளேட்டே சட்டையை விடப் பெரிய அடையாளம், அதை மறைக்க முடியாது. முடிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கறுப்புச் சட்டை எல்லா ஊர்லயும் கறுப்புச் சட்டைதானே?

தமிழ்நாட்டில் அது 1940களிலிருந்து பெரியார் இயக்கம். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டியும் மாலையும் என்றால் ஐயப்பசாமி. ஒரே நிறம் இரண்டு நேரெதிர் ஆட்களைக் காட்டுவது நம் ஊரின் வேடிக்கை. கேரளத்தில் மண்டல காலத்தில் கறுப்பு கட்டினால் "சாமி" என்று கூப்பிட்டு டீ கொடுப்பார்கள். கோதாவரியைத் தாண்டினால் இரண்டுமே தெரியாது.

ஒரு விதிவிலக்கு பெலகாவி. கர்நாடக எல்லையில் மராத்தி பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற ஊர் அது. மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டும் என்கிற அமைப்பினர் நவம்பர் 1ஐக் கறுப்பு நாளாக நடத்துகிறார்கள். அன்று அங்கே கறுப்புச் சட்டையோடு நடந்தால் நீங்கள் ஒரு பக்கம் சேர்ந்தாயிற்று. மேலே சொன்ன சிவப்பு மஞ்சள் போட்டால் எதிர்ப்பக்கம்.

நம்ம மாநிலத்துக்குள்ள போறதுக்குமா யோசிக்கணும்?

இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் கையில் கட்டுகிற கயிற்றின் நிறமே சாதியைச் சொல்லும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எல்லாவற்றையும் தடைசெய்யச் சொன்னது.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போகிறவருக்கு இது எதுவும் தெரியாது. ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய இரு நிறக் கயிறு அங்கே ஒரு கேள்வியாக நிற்கும். "தம்பி நீங்க யாரு?" என்று ஒருவர் பேருந்தில் கேட்டால் அவர் கேட்பது பெயரை இல்லை. சாதித் தலைவர் படம், சிங்கம், சிறுத்தை, வாள் இவற்றோடு இரு நிறப் பின்னணி வந்தால் நாங்கள் டூர் சட்டைக்கு அடித்துத் தருவதில்லை. ஆர்டர் போனால் போகட்டும்.

அந்த ஊர் தொப்பி, சால்வையை வாங்கிப் போட்டுக்கிட்டா நல்ல பேர்தானே?

பெரும்பாலும் ஆமாம். ஓணத்துக்குக் கசவுச் சேலை கட்டிக்கொண்டு திருச்சூர் போனால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் உள்ளூர்க் கணக்கு வெளியூர்க்காரருக்குத் தெரியாது. சிம்லாவில் விற்கிற குல்லாவில் முன்பக்கம் வெல்வெட் பட்டை இருக்கும். பச்சைப் பட்டை என்றால் காங்கிரஸின் வீரபத்ர சிங், அரக்குச் சிவப்பு என்றால் பா.ஜ.க.வின் பிரேம் குமார் துமல் என்று பல வருடம் ஹிமாசல் அரசியலே அந்தத் தொப்பியில் ஓடியது. சுற்றுலாக்காரர் தலையில் எது இருந்தாலும் கோபப்பட மாட்டார்கள், சிரித்துக்கொள்வார்கள்.

நாகாலாந்தில் கொஞ்சம் கூடுதல் மரியாதை தேவை. ஆவோ நாகர்களின் சுங்கோதெப்சு என்கிற சால்வையில் நடுவே ஒரு வெள்ளைப் பட்டையும், அதில் கறுப்பு மையில் மிதுன் மாடு, யானை, புலி, சேவல், மனிதத் தலை எல்லாம் வரைந்தும் இருக்கும். போரில் எதிரியின் தலை கொண்டுவந்தவரோ மிதுன் பலியிட்டு ஊருக்கு விருந்து வைத்தவரோதான் அந்தக் காலத்தில் அதைப் போர்த்த முடியும். கடையில் இன்று யாருக்கும் விற்பார்கள். வாங்கி வீட்டில் மாட்டுங்கள். கோஹிமா தெருவில் போர்த்திக்கொண்டு செல்ஃபி எடுக்க வேண்டாம்.

சோழர் புலி போட்ட சட்டையோட யாழ்ப்பாணம் போறோம். சோழர் கொடிதானே, இயக்கக் கொடி இல்லையே?

இந்தக் கேள்விக்கு நாங்கள் நேராகவே சொல்லிவிடுகிறோம்: வேண்டாம். சோழர் முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் மீனும் வில்லும் இருக்கும். விடுதலைப் புலிகளின் சின்னத்தில் உறுமுகிற புலித் தலை, பின்னால் துப்பாக்கிகள், சுற்றிலும் தோட்டா வளையம். வித்தியாசம் உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்கிற அதிகாரிக்கு, சிவப்புத் துணியில் மஞ்சள் புலி, கீழே தமிழ் எழுத்து, கையில் இந்தியப் பாஸ்போர்ட். அவ்வளவுதான் தெரியும். அங்கே 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நீண்ட நாள் தடுத்து வைக்க முடியும். உங்களை இரண்டு மணி நேரம் விசாரித்து அனுப்பிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்களை அழைத்த யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அதற்குப் பிறகும் ஆள் வருவார்கள். சட்டை போட்டவர் ஊர் திரும்பிவிடுவார், அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர், நம் அரசு விளம்பரத்திலேயே வரும். இலங்கையில் அதுதான் கார்த்திகைப்பூ, இறந்த புலிகளை நினைவுகூர நவம்பர் கடைசியில் வரும் மாவீரர் நாளின் மலர். 2024இல் யாழ்ப்பாணப் பள்ளி ஒன்றின் விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் அந்தப் பூ வடிவில் அலங்காரம் செய்ததற்கே காவல்துறை விசாரித்தது. "தமிழ்நாடு" என்று எழுதி மாநில மலர் போட்ட அழகான டிசைன் எங்களிடம் உண்டு. நவம்பர் கடைசி வாரம் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அதைக் காட்டுவதே இல்லை.

இலங்கையில வேற என்ன கவனிக்கணும்?

புத்தர் படம். 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரிட்டிஷ் பெண்ணைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எட்டு லட்சம் இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019 மே மாதம், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குச் சில வாரம் கழித்து, ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட கவுன் போட்டிருந்தார். அதைத் தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைதுசெய்தார்கள். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று பின்னால் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதற்கு முன் அவர் சிறையில் நாட்களைக் கழித்தாயிற்று. வட்டத்துக்குள் ஆரக்கால் வரைகிற எந்த டிசைனையும் இலங்கைப் பயணத்துக்கு நாங்கள் மாற்றித் தருகிறோம்.

லண்டன், மலேசியாவுல புலிச் சட்டை போடலாமா? அங்க நம்ம ஆளுங்க போடுறாங்களே?

போடுகிறார்கள், ஊர்வலத்தில் கொடியும் பிடிக்கிறார்கள். ஆனால் பிரிட்டனில் இயக்கம் 2001 முதல் தடைப்பட்டியலில் இருக்கிறது. தடைசெய்த அமைப்பை ஆதரிப்பதாகச் சந்தேகம் எழும்படி உடை அணிவதே 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் குற்றம். அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவருக்கும் மாணவர் விசாவில் போகிற உங்கள் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான், விளைவு ஒன்றாக இருக்காது. மலேசியாவில் 2019 அக்டோபரில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 பேரைப் புலிகள் தொடர்பு என்று பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். நடுவில் அவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

காதர்பேட்டையில வாங்கின எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சட்டை. என்ன போட்டிருக்குன்னே தெரியாது. அமெரிக்கா போகும்போது போடலாமா?

முதலில் படம் எடுத்து அனுப்புங்கள். சிவப்புத் துணியில் நீலப் பெருக்கல் குறி, அதற்குள் வெள்ளை நட்சத்திரங்கள் என்றால் அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் போர்க்கொடி. அங்கே சிலர் அதைத் தெற்கத்திப் பெருமை என்பார்கள். கறுப்பினத்தவர்களுக்கு அது மிரட்டல். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் அந்தக் கொடியோடு எடுத்த படங்கள் வெளிவந்த பிறகு, தென் கரோலினா தன் சட்டமன்ற வளாகத்திலிருந்து அதை இறக்கியது. மிசிசிப்பி 2020இல் தன் மாநிலக் கொடியையே மாற்றியது. அட்லாண்டாவில் நம் பையன் அதைப் போட்டு நின்றால், 150 ரூபாய்க்கு வாங்கினேன் என்ற விளக்கம் யாரிடமும் எடுபடாது.

ராணுவப் புள்ளி டிசைனும் அப்படித்தான். பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் நாடுகளில் பொதுமக்கள் அதை அணியச் சட்டப்படி தடை, குழந்தை டவுசர் உட்பட. வெஸ்ட் இண்டீஸில் மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க.

காலேஜ் டூர்ல பார்லிமென்ட் பார்க்கப் போறோம். "தமிழ்நாடு போராடும்"னு அடிச்சுத் தருவீங்களா?

அடித்துத் தருவோம், அன்றைக்கு மட்டும் வேறு சட்டை போடுங்கள். 2025 மார்ச் 20 அன்று தொகுதி மறுவரையறையை எதிர்த்து வாசகம் எழுதிய டி-ஷர்ட்டோடு தி.மு.க. எம்.பி.க்கள் மக்களவைக்கு வந்தார்கள். சட்டையை மாற்றி வரச் சொல்லி அவைத்தலைவர் அவையையே ஒத்திவைத்தார். எம்.பி.க்கே அந்த நிலை, பார்வையாளரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

தமிழ்நாடு அரசு கோபுர முத்திரை போட்டா கெத்தா இருக்குமே?

முடியாது. அதில் அசோகர் சிங்கத் தூணும் இருக்கிறது. அரசோடு தொடர்புடையவர் என்று தோன்றும்படி அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தினால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை. ஆந்திர டோல்கேட்டில் அரசு ஆள் மாதிரி காட்டிக்கொள்ளத்தான் பலர் கேட்கிறார்கள், தெரியும். தனியாக ஒரு கோபுரம் வரைந்து தருகிறோம், அதற்குத் தடையில்லை.

யாராவது நிறுத்தி "சட்டையை மாத்து"ன்னா என்ன பண்றது?

மாற்றிவிடுங்கள். போலீசாக இருந்தால் காரணம் கேளுங்கள், மரியாதையாக. கூட்டமாக இருந்தால் அதுவும் வேண்டாம். தோள் பையில் வெற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாமா என்றால், துணியைப் பொறுத்தது. மெல்லிய வெள்ளைத் துணியில் கறுப்பு பிரிண்ட் என்றால் கண்ணாடி எழுத்தாகத் தெரியும், இன்னும் சந்தேகமாக இருக்கும். 180 ஜி.எஸ்.எம். கனமுள்ள கடல் நீலத் துணி என்றால் தெரியாது.

அச்சு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இமிகிரேஷன் அதிகாரி நெஞ்சைத்தான் பார்ப்பார், வரிசையில் பின்னால் நிற்கிறவர் முதுகைப் படிப்பார். வெளிநாடு போகிற குழுவுக்கு நெஞ்சில் சின்னதாக ஊர் பெயர், முதுகில் ஒன்றுமில்லை என்று வைத்துத் தருகிறோம்.

ஆர்டர் கொடுத்துட்டோம். இதையெல்லாம் படிச்சதும் டிசைன் மாத்தணும்னு தோணுது. முடியுமா?

அச்சடிக்கிற ஸ்கிரீன் எடுக்கும் முன் சொன்னால் காசு இல்லை. எடுத்த பிறகு என்றால் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் செலவு உங்களுடையது. அச்சு முடிந்துவிட்டால் அதன் மேல் வேறு அடிக்க முடியாது, ஊரில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஊர், எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதை ஆர்டரோடு சேர்த்து எழுதி அனுப்பினால் வேலை சுலபம்.